பூதத்துக்குப் பல் கட்டிய கதை

பல் லேபுக்கு நோயாளிகள் வரமாட்டார்கள். அவர்களுடைய பல் மட்டும் வரும். கிளினிக்கில் அளவெடுத்து டப்பாவில் போட்டு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய காலம் போய், இப்போது கம்ப்யூட்டர் ஃபைலாக வந்து விழுகிறது. கேப், பிரிட்ஜ், பல் செட் எல்லாம் செய்து நாங்கள் திருப்பி அனுப்புவோம். சேலத்தில் ஒரு லேபில் பல வருடம் இந்த வேலையைப் பார்த்துவிட்டுச் சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். கடைசிச் சில வருடங்கள் டிசைன் செக்‌ஷனுக்கு நான்தான் பொறுப்பு. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவும் என்று, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒரு கேஸைப் பற்றி எழுதுகிறேன்.

முட்டையோடு வந்தவர்

ஒரு புதன்கிழமை காலை கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் நேராக உள்ளே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, முறுக்கிய மீசை, கையில் ஒரு அட்டை முட்டை. வெளியாளைப் பார்த்துப் பழக்கமில்லாத நாங்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தோம்.

"ஏனுங்க அக்கா, இங்க பொம்மை பிரிண்ட் போடற மெஷின் இருக்குதாமுங்களே?"

"இங்க பல்லுதாங்க பிரிண்ட் போடறோம்."

"பல்லு போட்டா வாயும் போடலாமுல்லங்க. வாய் வந்தா மூஞ்சி. மூஞ்சி வந்துருச்சுன்னா ஒடம்பு தானா வந்துருமுங்க" என்று சொல்லி, முட்டை அட்டையை என் கீபோர்டின் மேல் வைத்தார்.

அவர் பெயர் கதிர்வேல். நாமக்கல்லைத் தாண்டிக் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். அவரும் காலேஜ் சிநேகிதர்கள் சிலரும் ஞாயிறுதோறும் பண்ணையின் முட்டை குடோனில் உட்கார்ந்து ஒரு பலகை விளையாட்டு ஆடுவார்களாம். ஹாஸ்டலில் யாரோ வைத்திருந்த வெளிநாட்டு விளையாட்டைப் பார்த்து, அதே மாதிரி இவர்களே நம் ஊர் வரைபடத்தைத் துணியில் வரைந்து செய்தது; பேர்தான் பலகை. வீரர்கள் பள்ளிபாளையத்தில் பரிசல் ஏறி ஆற்றைக் கடக்க வேண்டும். காயம் பட்டால் நாமகிரிப்பேட்டை மஞ்சள் வாங்கித் தடவிக்கொள்ளலாம். குதிரைக்குப் பதில் மேச்சேரிக் கிடா. கடைசியில் மலைக் குகையில் இருக்கும் பூதத்தை ஜெயிக்க வேண்டும். கல்யாணம் ஆகி, பிள்ளைகள் கல்யாண வயதுக்கு வந்த பிறகும் இந்த ஆட்டம் நிற்கவில்லையாம்.

"இத்தன வருசமா பூதத்துக்குப் பதிலா ஒரு டம்ளரைக் கவுத்தி வெச்சுத்தாங்க ஆடுனோம். டம்ளரோட சண்டை போட்ட வரைக்கும் எங்களுக்குள்ள சண்டையே இல்லீங்க. இப்பத்தான் பொம்மை பிரிண்ட் போடலாமுன்னு பேச்சு வந்துச்சு. வந்ததும் போச்சுங்க."

பூதம் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் தகராறு. கதிர்வேல் ஒரு சார்ட் பேப்பரை விரித்தார். பால்பாயின்ட் பேனாவில் அவரே வரைந்தது. பெரிய தொப்பை, உச்சிக்குடுமி, காதில் கடுக்கன், கோடு போட்ட அரை டவுசர். கடைவாயில் பக்கத்துக்கு ஒரு கோரைப்பல் கிளம்பி மூக்கு வரைக்கும் ஏறி நின்றது. தொழில் புத்தி போகுமா? பூதத்தின் தொப்பையை விட்டுவிட்டு என் கண் நேராகப் பல்லுக்குத்தான் போனது.

"சின்னப்புள்ளையில வாரப் புஸ்தகத்துல இதே மாதிரி ஒரு பூதத்தைப் பார்த்துப்போட்டு, பொழுது சாஞ்சா தனியா ஒண்ணுக்குப் போகமாட்டேனுங்க. எங்கக்காதான் தொணைக்கு வரோணும். இப்ப வர்ற பூதத்தைப் பார்த்தா பயமாவா இருக்குது? சொரி புடிச்ச ஜிம் மாஸ்டராட்ட இருக்குதுங்க. அந்த மாதிரிதான் வேணுமுன்னு ஒருத்தரு ஒத்தக்கால்ல நிக்கறாருங்க."

"யாருங்க அது?"

"உங்களுக்கு வேல குடுக்கறாருல்லங்க, சிவராஜ் டாக்டருங்க. ஞாயித்துக்கிழமை ஓட்டெடுப்பு. அவரு பூதம் ஜெயிச்சுதுன்னா நான் பலகையைச் சுருட்டி எடுத்துக்குவேனுங்க. பலகை என்னுதுங்க. என் பூதம் ஜெயிச்சா அவரு இனிமே என் வாசலை மிதிக்க மாட்டாராம். டாக்டருங்க சொல்லிப்போட்டாருங்க."

இருவரும் பக்கத்து ஊர்க்காரர்கள், ஒரே ஹாஸ்டல் அறையில் தங்கிப் படித்தவர்கள். அப்படிப்பட்டவரை இவர் 'டாக்டருங்க' என்கிறார். எங்கள் பக்கம் சிநேகிதர்களுக்குள் மரியாதை கூடிவிட்டது என்றால் சண்டை முற்றிவிட்டது என்று அர்த்தம். நான் முட்டை அட்டையைக் கீபோர்டிலிருந்து எடுத்து அவர் பக்கமே தள்ளினேன். ஏனென்றால் எங்கள் லேபுக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி அந்த சிவராஜ் டாக்டர் கொடுப்பதுதான்.

ஓனர் கண்ணாடி அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடியாது என்று சொல்வதற்குள் வெளியே வந்து, "செஞ்சு குடுத்துருவோமுங்க. டாக்டர் காதுக்குப் போகாம பார்த்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார். பிறகு என்னிடம், "பல்லு பல்லுன்னு பார்த்துப் பார்த்து எனக்கே சலிச்சுப் போச்சு மேடம்" என்றார். முட்டையை அவரே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

டாக்டரின் பூதம்

மறுநாள் சிவராஜ் டாக்டரிடமிருந்து போன்.

"செல்வி மேடம், ஒரு பர்சனல் வேலைங்க. ஃபைல் அனுப்பியிருக்கேன். கதிர்வேலுனு ஒருத்தர் வந்து விசாரிச்சா எதுவும் சொல்ல வேண்டாமுங்க."

ஃபைலைத் திறந்தேன். தொப்பை கிடையாது. விலா எலும்பு தெரியும் ஒல்லி உடம்பில் கட்டுக்கட்டாகச் சதை, மொட்டைத் தலை, தோலெல்லாம் வெடிப்பு. வாயைப் பிளந்துகொண்டு நின்றது. உள்ளே வரிசைக்கு மேல் வரிசையாகப் பற்கள்.

"ஏனுங்க டாக்டர், இத்தனை பல்லு வெச்சா தாடை எப்படிங்க மூடும்?"

"மூட வேண்டாமுங்க. அது எப்பவும் கத்திக்கிட்டேதான் இருக்கும்."

"அப்ப எப்படிங்க திங்கும்?"

"மேடம், அது கற்பனைங்க! அந்தக் காலத்துப் பூதத்தைப் பார்த்தா எனக்குக் கல்யாண வீட்டுச் சமையல் மாஸ்டர் ஞாபகந்தான் வருது. எந்தக் காலத்துல இருக்கறாங்க இவங்கெல்லாம்? உடம்புன்னா ஒரு அனாட்டமி வேணாமுங்களா?"

பல் டாக்டர் ஒருவர் முப்பத்திரண்டு பல் கணக்கைக் காற்றில் விட்டுவிட்டு அனாட்டமி பற்றிப் பேசுகிறார். வேலை கொடுக்கிறவர் என்பதால் சரிங்க என்று மட்டும் சொன்னேன்.

அன்று மதியமே இரண்டாவது போன். கதிர்வேலின் மனைவி பூங்கொடி. புருஷனின் செல்போனில் லேப் நம்பரைப் பார்த்து அழைத்திருந்தார்.

"அக்கா, எந்தப் பூதம் ஜெயிச்சாலும் எனக்குக் கவலை இல்லீங்க. அந்த ஆட்டம் மட்டும் நின்னு போயிரக் கூடாதுங்க. நின்னுதுன்னா இவரு ஞாயித்துக்கிழமை முழுக்க ஊட்டுலயே இருப்பாருங்க. போன மாசம் ஒரு வாரம் ஆட்டம் இல்ல. சமையக்கட்டுல டப்பாவையெல்லாம் உயரப்படி அடுக்கி வெச்சுப்போட்டாருங்க. இன்னும் எனக்குச் சீரகம் கெடைக்கலீங்க."

அந்தப் பெண்ணின் குரலில் இருந்த பயம் உண்மையான பயம். எனக்கும் ஓய்வு பெறும் வயதில் ஒரு புருஷன் வீட்டில் இருந்தார். நன்றாகவே புரிந்தது.

கடைவாய்ப்பல் தொப்பை

பழசை நினைத்து உருகுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். மெழுகு உருக்கி, பிளாஸ்டர் கலக்கி, கேஸ் அடுப்பில் விரலைச் சுட்டுக்கொண்டு பல் செய்த காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தவள். மூன்று நாள் வேலை கடைசி நிமிடத்தில் கீழே விழுந்து உடையும். மெஷின் வந்த அன்று அதற்கு மாலை போட்டுப் பொட்டு வைத்தவள் நான்தான். அதனால் மனதுக்குள் டாக்டர் பக்கம்தான் இருந்தேன்.

டாக்டரின் பூதம் ஃபைலாகவே வந்துவிட்டதால் அதில் எனக்கு வேலை இல்லை. கதிர்வேலின் பூதத்தைத்தான் ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்க வேண்டியிருந்தது. எங்கள் சாஃப்ட்வேர் பல்லுக்காகச் செய்தது. அதில் தொப்பைக்கு என்று ஒரு பட்டன் கிடையாது. ஒரு கடைவாய்ப்பல்லை எடுத்துப் பெரிதாக்கி, மேட்டுப் பள்ளத்தை நிரவித் தொப்பை ஆக்கினேன். இம்ப்ளான்ட் ஸ்க்ரூவை இரண்டாக்கிக் கடுக்கன். முன்பல்லைக் கவிழ்த்து உச்சிக்குடுமி. கோரைப்பல் வைக்கும்போது மட்டும் கை தயங்கியது. வாழ்நாள் முழுக்கப் பல்லை உள்ளே தள்ளி வரிசைக்குக் கொண்டுவந்தே பழகியவள் முதல்முறையாக வெளியே இழுக்கிறேன். இழுத்து முடித்துத் தள்ளி உட்கார்ந்து பார்த்தபோது அந்தக் குண்டன் திரையிலிருந்து என்னை முறைத்தான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவனை மிகவும் பிடித்துப்போயிற்று. மதியச் சாப்பாட்டை அவன் முன்னால் வைத்தே சாப்பிட்டேன்.

தலை சாத்துக்குடி அளவு, உடம்பு தனி. அன்றைக்கு மெஷினில் ஈறு கலர் ரெசின் பிசின்தான் இருந்தது. அதனால் இரண்டு பூதமும் ரோஜா நிறத்தில் பிறந்தன. கலர் அவர்களே அடித்துக்கொள்வதாகச் சொல்லியிருந்ததால் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை என் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். கிளம்பும் அவசரத்தில் இரண்டையும் ஃபினிஷிங் டேபிளில் மணியண்ணனிடம் ஒப்படைத்தேன். மணியண்ணன் எங்கள் லேபின் மூத்த கை, மேச்சேரிக்காரர். அவர் பாலிஷ் போட்ட பல் செட்டில் நாக்கு வழுக்கும்.

"அண்ணா, சப்போர்ட் மட்டும் எடுத்துப்போட்டு, ஒட்டி, பாலிஷ் அடிச்சு டப்பாவுல வெச்சுருங்க. சிவராஜ் டாக்டருக்குப் போறது" என்று மட்டும் சொன்னேன்; குண்டன் யாருக்கு என்று விளக்க நேரமில்லை.

மெஷினில் பிரின்ட் ஆகும்போது பொருள் சாய்ந்துவிடாமல் இருக்கக் குச்சிகுச்சியாய் முட்டுக் கொடுத்திருக்கும். அதற்குப் பெயர்தான் சப்போர்ட். கடைசியில் நறுக்கி எடுத்துவிட வேண்டும். இதைப் படிக்கும் பிள்ளைகள் இந்த இடத்தை மறுபடி ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

டப்பா திறந்தது

ஞாயிற்றுக்கிழமை ஓனர் என்னையே நாமக்கல்லுக்கு அனுப்பினார். "ரெண்டு பேரும் நமக்கு வேணும் மேடம். பக்குவமா குடுத்துட்டு வந்துருங்க" என்றார். டேப் சுற்றி வைத்திருந்த இரண்டு டப்பாவையும் அப்படியே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

முட்டை குடோனில் நடுவே பலகை விரித்திருந்தது. ஒரு பக்கம் கதிர்வேல், எதிர்ப்பக்கம் டாக்டர், இடையில் மற்ற நாலு பேர். நான் இரண்டு டப்பாவோடு உள்ளே போனதுமே இருவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

"டாக்டருங்களும் இங்கதான் குடுத்தீங்களா?"

"கதிர்வேல் அவங்களும் இங்கதானுங்களா? சந்தோசமுங்க."

அந்த மரியாதையைக் கேட்டு எனக்கு வியர்த்துவிட்டது. பூங்கொடி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரமாய் நின்றார். இருவரும் ஒரே நேரத்தில் டப்பாவைப் பிரித்தார்கள்.

இரண்டு பூதமும் சிரித்தன.

குண்டனுடைய கோரைப்பல்லைக் காணோம். இருந்த இடத்தில் வழவழவென்று பாலிஷ். வாயில் அளவான ஆறு பல், வெள்ளைவெளேரென்று. ரிசப்ஷன் வாசலில் ஃபிளெக்ஸில் நிற்கும் மாப்பிள்ளை மாதிரி இருந்தான். ஒல்லியன் நிலைமை அதைவிட மோசம். வெடித்த தோலும் எலும்பும் அப்படியே இருக்க, பிளந்திருந்த வாயைப் பாதி ரெசினால் அடைத்து, அதே மாதிரி ஆறு பல் வைத்துச் சிரிக்க வைத்திருந்தது. வங்கியில் லோன் கேட்கப் போனால் உட்காரச் சொல்வாரே, அந்த ஆபீசர் மாதிரி.

"பல்லு எங்கீங்க அக்கா?" என்று கதிர்வேல் கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார்.

மணியண்ணனுக்குப் போன் போட்டேன். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஆமாஞ்சாமி, நாந்தான் எடுத்தேன். குண்டனுக்கு மூக்குக்கிட்ட ரெண்டு சப்போர்ட்டு பெருசா நின்னுச்சு. கட்டர்ல நறுக்கிப்போட்டேன்."

"அது பல்லுண்ணா!"

"பல்லா? எந்த ஊர்ல சாமி பல்லு மூக்குக்குப் போவுது?"

"சரி, இந்த ஒல்லியனை என்ன பண்ணுனீங்க?"

"அவனுக்கு வாயெல்லாம் ஒரே கூட்டம். நாக்குக்கே எடமில்ல. எல்லாத்தையும் ராவித் தள்ளிப்போட்டு, பல் செட்டுக்கு ரெடிமேட் பல்லு வர்ற அட்டை ஒண்ணைப் பிரிச்சேன். மேல் வரிசை குண்டனுக்கு, கீழ் வரிசை ஒல்லியனுக்கு. பல் டாக்டரு கிளினிக்குல வெக்கற பொம்மைன்னு நெனச்சேன் சாமி. அதுக்கே பல்லு கோணலா இருந்தா எவன் உள்ள வருவான்?"

போனை வைத்தேன். இதற்குள் டாக்டர் தன் பூதத்தைக் கையில் எடுத்து, செல்போன் டார்ச்சை அடித்து வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படத்தான் வாயைத் திறந்தார். பழக்க தோஷம், "பல்லு செட்டிங் சுத்தமா இருக்குதே" என்று வந்துவிட்டது.

"டாக்டருங்களுக்கு இதுவும் புடிச்சுப் போச்சுங்க" என்று சொல்லிக் கதிர்வேல் பலகையின் ஒரு முனையைச் சுருட்ட ஆரம்பித்தார். பள்ளிபாளையம் உள்ளே போனது. பரிசல் உருண்டு கீழே விழுந்தது. மற்ற நாலு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அப்போது பூங்கொடி குனிந்து இரண்டு பூதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, ரெண்டும் அண்ணன் தம்பியாட்ட இருக்குதுங்க."

நாலு பேரும் பார்த்தார்கள். உண்மைதான். உடம்பு எப்படி இருந்தாலும் சிரிப்பு ஒரே வீட்டுச் சிரிப்பு. ஒரே அட்டையின் மேல் வரிசையும் கீழ் வரிசையும் அல்லவா? அண்ணன் ஊரிலேயே இருந்து தின்று கொழுத்தவன், தம்பி வெளியூர் போய் ஜிம்முக்குச் சேர்ந்தவன் என்று ஒருவர் சொன்னார். குகையைப் பாகம் பிரிக்கச் சண்டை போடுகிறார்கள் என்றார் இன்னொருவர். குடோனே சிரித்தது. டாக்டரும் சிரித்துவிட்டார்.

கதிர்வேல் சிரிக்கவில்லை. குண்டனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணன் தம்பி எல்லாம் சரிதானுங்க. அந்த ரெண்டு பல்லு இல்லீன்னா இவன் வெறும் குண்டனுங்க. நான் பயந்தது இவனுக்கு இல்லீங்க" என்றார். ஐம்பது வயது மனிதர், மீசைக்காரர், கண் கலங்கியிருந்தது. அவர் சொல்வது எனக்குப் புரிந்தது. அவன் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான்.

டாக்டர் தன் ஒல்லியனைப் பலகைமேல் வைத்தார். பிறகு எழுந்து கார் சாவியை எடுத்தார்.

"எந்திரிங்க. கிளினிக்குக்குப் போலாம்."

நாற்காலியில் பூதம்

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கிளினிக் பூட்டியிருந்தது. டாக்டரே ஷட்டரைத் தூக்கினார். விளையாட்டுக் கோஷ்டி, பூங்கொடி, நான் எல்லோரும் உள்ளே போய்ச் சுவரோரம் நின்றோம். டாக்டர் குண்டனை வாங்கி நோயாளிகளின் நாற்காலியில் சாய்த்து, கழுத்துக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார். லைட்டை இழுத்து முகத்துக்கு நேராகத் திருப்பினார். கையுறை போட்டுக்கொண்டார். மாஸ்க்கும் போட்டுக்கொண்டார். ரெசின் பொம்மைக்கு எதற்கு மாஸ்க் என்று யாரும் கேட்கவில்லை.

பல் அடைக்கும் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கடைவாயில் வைத்து, கருவியால் மேலே இழுத்தார். கதிர்வேல் பக்கத்தில் போய் நின்றார்.

"எந்தப் பக்கம் வளையோணுமுங்க?"

"வெளிப்பக்கமுங்க. இன்னுஞ் சித்த. நுனி மூக்கைப் பாக்கோணும்."

"இப்படிங்களா?"

"இல்லீங்க, அது ஆட்டுக்கொம்பு மாதிரி போவுது. இந்தப் பக்கம். சித்த மேல. மேல... அதுதாண்டா! அங்கதாண்டா! நிறுத்துடா!"

அந்த 'டா' விழுந்ததும் டாக்டரின் கை ஒரு கணம் நின்றது. மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "லைட்டைக் கொஞ்சம் பிடிடா" என்றார். நீல லைட்டைக் கதிர்வேலே வாங்கிப் பல்மேல் காட்டினார். பசை இறுகியது. இரண்டாவது பல்லையும் அதே மாதிரி கட்டினார்கள். சுவரோரத்தில் பூங்கொடி என் கையைப் பிடித்து அழுத்தினார். இனி அவர் வீட்டுச் சீரகம் அவர் வைத்த இடத்தில் இருக்கும்.

லைட்டைத் தள்ளிவிட்டு எல்லோரும் குனிந்து பார்த்தோம். மணியண்ணனின் மாப்பிள்ளைச் சிரிப்பு நடுவில் அப்படியே இருந்தது. அதன் இரண்டு பக்கமும் கோரைப்பல் மூக்குவரை ஏறி நின்றது. முறைக்கிற பூதத்தைப் பார்த்திருக்கிறோம். இவன் பல் பளிச்சிட, வாங்க வாங்க என்று சிரித்துக்கொண்டே கடிக்கப்போகிறவன்.

"டேய், எனக்கே பயமா இருக்குதுடா" என்றார் டாக்டர்.

கதிர்வேல் மீசையைத் துடைத்துக்கொண்டார். "அவனுக்குத் தண்ணி குடுக்கலாமாடா?"

"அரை மணி நேரம் போகட்டும்."

ஓட்டெடுப்பு நடக்கவில்லை. குடோனுக்குத் திரும்பி, பலகையின் குகையில் அண்ணனையும் தம்பியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பொழுது சாயும்வரை ஆடினார்கள். டாக்டர் தன் ஒல்லியனுக்கு மட்டும் பழைய பற்களைத் திரும்பக் கட்டிக்கொள்ளவில்லை. அந்த லோன் ஆபீசர் சிரிப்பு அவருக்கே பழகிவிட்டதாம்.

திங்கட்கிழமை மணியண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பாலிஷ் மெஷினை நிறுத்திவிட்டு, "அது பல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதுக்கும் பாலிஷ் போட்டிருப்பேனே சாமி" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோணலைக் கண்டால் நேராக்கத்தான் எங்களுக்குச் சம்பளம். புதிய மெஷின் வந்தால் எல்லாவற்றையும் அழகாக்கிவிடலாம் என்று நினைத்தவளும் நான்தான்.

லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். உங்கள் மேஜைக்கு வருவது கோணலாக இருந்தால் உடனே கட்டரை எடுக்காதீர்கள். முதலில் போனை எடுத்துக் கேளுங்கள். அந்த ஆள் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்ததே அந்தக் கோணலுக்காகத்தான் இருக்கும்.